கூரை விதானமும் காற்றின் விசையும்

மழைக்கும் வெயிலுக்கும் மறைவாக அமைவது கூரை என்பதே நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். ஒழுகாத கூரை நல்ல கூரை. ஒழுகுவது தீய கூரை. இவ்வளவே நாம் கூரையைப்பற்றிச் சிந்திப்பது. ஆனால் கட்டடத்திற்குக் கூரை செய்யும் மற்றொரு பேருதவி உண்டு. அஃது யாதெனின், பக்கத்திலிருந்து மோதும் காற்றுக்குச் சுவர்கள் சாயாதவாறு அவற்றைத் தலைப்புறத்திற் பிடித்து நிறுத்துவது. கண்ணுக்குத் தெரியாத இந்த உதவியைப்பற்றியும், இக்காலப் பொறியியலாளர் அதனைக் கணினியில் எவ்வாறு கணித்தறிகின்றனர் என்பதைப்பற்றியும் இம்மலரிற் சிறிது எழுதப் புகுகின்றோம்.

தமிழாசிரியனுக்கும் கட்டடக் கலைக்கும் என்ன தொடர்பு என்று பழைய மாணவர் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்த புதிதில், ஹாலிஎலவிலிருந்து சற்றே தொலைவிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற் கடமையேற்றோம். நீண்ட ஒரே மண்டபம், மேலே அலைத்தகரம், இரு முனைகளிலும் முக்கோணமாக மேலெழும் முகட்டுச் சுவர்கள். ஆடி மாதத்து இரவொன்றில் ஊவாக் காற்று வீசியது. விடிந்து சென்று பார்த்தபோது மேற்குப்புற முகட்டுச் சுவர் முழுவதும் உட்புறமாக விழுந்து கிடந்தது. அதன் அடியில் நொறுங்கிக் கிடந்தவை மூன்றாந் தரத்துப் பிள்ளைகளின் வாங்குகள். விழுந்தது இரவாகையால் ஓருயிர்க்கும் தீங்கில்லை. பகலாயின்? அந்த வினா அன்றுதொட்டு நம்மை விட்டகலவில்லை.

நம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறொன்று. தகரங்களுட் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. கூரை நின்றது, சுவர் விழுந்தது. காற்றுக்குப் பறப்பது தகரமல்லவோ என்றுதான் ஊரார் அனைவரும் எண்ணியிருந்தனர். தகரத்தின்மேற் கல்லும் பழைய டயரும் மணல் மூட்டையும் ஏற்றி வைப்பது லயங்களில் நாம் நாள்தோறும் காணும் காட்சி. கூரை பறவாமல் நிற்கச் செய்யும் முயற்சி அது. ஆனால் சுவரைக் கூரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் யார்க்கும் தோன்றவில்லை. இவ்வுண்மையைப் பல்லாண்டுகளின் பின் நமக்கு விளக்கியவர் நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் பொறியியலாளரான பழைய மாணவர் ஒருவர். அவர் சொன்னதையும், அதன்பின் நாம் தேடிக் கற்றதையும் இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

தேயிலைப் பெட்டி புகட்டும் பாடம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு இவ்விஷயத்தை விளக்கத் தேயிலைப் பெட்டியைவிடச் சிறந்த உவமை இல்லை. இன்று தேயிலை கடதாசிப் பைகளிற் கட்டப்படுகின்றது. முன்னாளில் அது சென்றது ஒட்டுப்பலகைப் பெட்டிகளில். காலிக்கு அருகே கிந்தோட்டையில் இயங்கிய அரச ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இப்பெட்டிகளுக்குப் பலகை செய்தது. மூத்த பழைய மாணவர் பலர் வீடுகளில் அப்பெட்டிகளே புத்தக அலுமாரியாகவும் அரிசிப் பெட்டியாகவும் விளங்கின.

அப்பெட்டியின் அமைப்பை நினைவுகூர்க. பன்னிரண்டு மெல்லிய மரச் சட்டங்கள். அவற்றின்மேல் அறையப்பட்ட மெல்லிய பலகைகள். பலகை அறையுமுன் சட்டங்களை மட்டும் நிறுத்தி ஒரு மூலையைக் கையாற் தள்ளினால், சதுரம் சாய்சதுரமாகிச் சரிந்துவிடும். பலகையை அறைந்தபின் எவ்வளவு தள்ளினும் சரியாது. இத்தனைக்கும் பலகையின் தடிப்பு ஒரு சில மில்லிமீற்றர்களே. கையால் வளைத்தால் வளைகின்ற அப்பலகை, தன் தளத்தின் வழியே தள்ளும்போது மட்டும் இரும்புபோல் நிற்கின்றது. ஆதலின் பெட்டிக்கு உறுதி தருவது சட்டத்தின் பருமனன்று. பலகையும், அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணிகளுமே.

கட்டடமும் ஒரு பெரிய பெட்டியே. நாற்புறச் சுவர்கள் பெட்டியின் பக்கங்கள். கூரை அதன் மூடி. மூடி நன்கு அறையப்பட்டிருப்பின் பெட்டி முழுவதும் ஒன்றாக நின்று காற்றை எதிர்க்கும். மூடி பெயரளவில் மேலே கிடப்பின், ஒவ்வொரு சுவரும் தனித்தனியே நின்று காற்றோடு போராடும். நாம் கண்ட பாடசாலையில் நிகழ்ந்தது இதுவே. கூரையைத் தாங்கியவை மரச் சட்டங்கள். முகட்டுச் சுவரின் தலை எதனோடும் பிணைக்கப்படவில்லை. அது துணையின்றித் தனியே நின்ற சுவர்.

பெயர்ப் பொருத்தம்

இவ்வாறு தன் தளத்தின் வழியே விசையைக் கடத்தும் கூரையை ஆங்கிலேயர் டயபிரம் என்பர். உடலில் நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைக்கும் அவர்களிடத்து அதுவே பெயர். நம் விஞ்ஞானப் பாடநூல்கள் அத்தசையைப் பிரிமென்றகடு என்கின்றன. தமிழில் அதற்கு உதரவிதானம் என்னும் பெயரும் உண்டு. உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேலே விரிக்கப்படும் மேற்கட்டி. வயிற்றின் மேற்கட்டி என்று உடலுறுப்பிற்குப் பெயரிட்ட தமிழில், கட்டடத்தின் டயபிரத்தை விதானம் என வழங்குதல் மிகப் பொருந்தும். ஆகவே இக்கட்டுரையில் அதனைக் கூரை விதானம் என்றே குறிக்கின்றோம்.

விதானம் தொழிற்படும் முறை

ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 18 மீற்றர். அகலம் 8 மீற்றர். சுவரின் உயரம் 3 மீற்றர். காற்று மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் நீண்ட சுவரின்மேல் மோதுகின்றது. அவ்வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 0.68 கிலோநியூட்டன், அதாவது 70 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மாணவர் மனத்திற் கொள்க.

சுவரின் கீழ்ப்பாதியில் விழும் காற்றை அத்திவாரம் ஏற்கும். மேற்பாதியில் விழுவது கூரையின் விளிம்பிற்குச் செல்லும். 1.5 மீற்றர் உயரத்திற்கு இது மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோநியூட்டன். கூரையின் சாய்வின்மேல் விழுவதையும் சேர்த்து 1.5 கிலோநியூட்டன் எனக் கொள்வோம். 18 மீற்றர் நீளத்திற்கும் மொத்தம் 27 கிலோநியூட்டன்.

இவ்விசையை ஏற்கும் கூரை, படுக்கையாகக் கிடத்திய ஒரு பெரிய தீராந்தியைப் போன்றது. இரு முனைச் சுவர்களும் அத்தீராந்தியைத் தாங்கும் தூண்கள். ஒவ்வொரு முனைச் சுவருக்கும் பாதி, அதாவது 13.5 கிலோநியூட்டன் செல்லும். அச்சுவரின் நீளம் 8 மீற்றராகையால், மீற்றருக்கு 1.7 கிலோநியூட்டன் வீதம் கூரையிலிருந்து சுவருக்கு விசை இறங்கல் வேண்டும். ஓர் ஆணி 0.3 கிலோநியூட்டன் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், மீற்றருக்கு ஆறு ஆணிகள்; 150 மில்லிமீற்றருக்கு ஒன்று என அறைந்தால் கணக்கு நிறைவுறும். ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளியில் ஓர் ஆணி என்று நினைவிற் கொள்ளலாம். இரண்டடிக்கு ஓர் ஆணி அறைந்த கூரை இத்தொழிலைச் செய்யாது என்பது வெள்ளிடைமலை.

தீராந்தி வளையும்போது அதன் ஒரு விளிம்பு இழுபடும், மற்றது நசுங்கும். அதுபோலவே காற்றை நோக்கிய கூரை விளிம்பு நசுங்க, எதிர்ப்புற விளிம்பு இழுபடும். இவ்விரு விளிம்பு மரங்களும் நாண் எனப்படும். நம் மண்டபத்தில் நாணின்மேல் வரும் விசை 7.6 கிலோநியூட்டன். சுவர்த்தலையில் ஓடும் மரத்தை இரண்டு மூன்று துண்டுகளாக வைத்துப் பொருத்துவது தச்சர் வழக்கம். பொருத்து வலுவற்றதாயின் நாண் அறும். நாண் அறுந்த வில் யாது பயன்?

இன்னுமொரு நுட்பம் உண்டு. ஒட்டுப்பலகைகள் 2.44 மீற்றர் நீளமும் 1.22 மீற்றர் அகலமும் உடைய துண்டுகளாக வருவன. அவற்றைச் செங்கல் அடுக்குவதுபோல் மூட்டுகள் ஒரே நேரில் வாராதவாறு மாற்றி மாற்றி இடுதல் வேண்டும். கைமரங்களுக்கு இடையே பலகையின் விளிம்பு அந்தரத்தில் நில்லாமல், அடியிற் குறுக்குக் கட்டைகள் வைத்து ஆணி அறைதல் வேண்டும். கட்டையற்ற விதானத்தின் வலிமை குறைவு.

கணினியும் அதன் மயக்கமும்

இனி, இவற்றையெல்லாம் கணினியிற் கணிக்கும் முறையை நோக்குவோம். கட்டட ஆய்வு மென்பொருள் நேற்று முளைத்ததன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பேராசிரியர் எட்வேட் வில்சன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட சாப் என்னும் நிரல் இத்துறையில் முன்னோடியானது. இன்று சாப் 2000, ஈடாப்ஸ், ஸ்டாட் முதலிய பெயர்களில் வழங்கும் மென்பொருள்களைப் பொறியியலாளர் பயன்படுத்துகின்றனர். தீராந்தியும் தூணும் சுவரும் வரைந்து, பொருளின் இயல்பைக் கொடுத்து, விசையை ஏற்றினால், ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் சுமையைக் கணினி நொடியிற் சொல்லிவிடும்.

ஆயினும் கணினி நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும். கூரை எத்தகையது என்று நாம் சொல்லும் சொல்லில்தான் உண்மையும் பொய்யும் பிறக்கின்றன. அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, விதானம் முற்றும் விறைப்பானது என்று கொள்ளுதல். அப்போது கூரையின் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகவே நகரும். எந்தச் சுவர் விறைப்பானதோ அது மிகுந்த பங்கை ஏற்கும். கொங்கிரீட்டுத் தட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவது, விதானம் நெகிழ்வானது என்று கொள்ளுதல். அப்போது ஒவ்வொரு சுவரும் தன் இருபுறத்தும் உள்ள கூரைப் பரப்பிற்கு ஏற்ற பங்கைத் தாங்கும். மூன்றாவது, விதானத்தின் உண்மையான விறைப்பை அளந்து அவ்வண்ணமே கணினியில் அமைத்தல்.

இவற்றுள் எதைக் கொண்டாலும் என்ன என்று எண்ணற்க. நம் மண்டபத்தின் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருப்பதாகக் கொள்வோம். மூன்று சுவர்களும் சம விறைப்புடையன எனின், விறைப்பான விதானம் என்னும் கணிப்பில் 27 கிலோநியூட்டனும் சமமாகப் பிரிந்து சுவருக்கு 9 என வரும். நெகிழ்வான விதானம் என்னும் கணிப்பிலோ முனைச் சுவர்களுக்கு 6.75 வீதமும், நடுச் சுவருக்கு 13.5ம் வரும். மரக் கூரையை விறைப்பானது என்று தவறாகக் கூறிவிட்டால், நடுச் சுவர் உண்மையில் ஏற்கவேண்டிய 13.5ஐக் கணினி 9 என்றே காட்டும். ஒன்றரை மடங்கு பிழை! அந்நடுச் சுவரில் வாயில்கள் இருந்து விறைப்புக் குன்றியிருப்பின், கணினி அதற்கு இன்னும் குறைந்த பங்கையே காட்டும். காற்றோ தன் பங்கைக் குறைக்காது.

மற்றொரு மயக்கத்தை நம் மாணவர் எமக்குத் திரையிற் காட்டினார். விறைப்பான விதானம் என்று குறித்தவுடன், அத்தளத்தில் உள்ள மரமொன்றின் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கவோ விலகவோ இயலாதபடி கட்டுண்டு விடுகின்றன. நீளம் மாறாத மரத்தில் இழுவிசை தோன்றாது. எனவே 7.6 கிலோநியூட்டன் இருக்கவேண்டிய நாணிற் சுழியம் என்று கணினி காட்டியது. அனுபவமற்றவர் அதைக் கண்டு நாணுக்கு வேலையில்லை என்று முடிவு செய்வர். அன்றியும், இக்கட்டளை படுக்கையான தளத்திற்கு ஏற்பட்டது. சாய்ந்த கூரைக்கு அதனை அப்படியே இடுதல் கைமரங்களின் விசையையும் மறைத்துவிடும்.

ஆகவே மரக் கூரைக்கு மூன்றாவது வழியே அறிவுடையது. பலகையைச் சிறு சிறு தகட்டுக் கூறுகளாகக் கூரையின் சாய்வுத் தளத்திலேயே அமைத்தல் வேண்டும். காற்றின் விசையை நடுவில் ஒரு புள்ளியிற் குவிக்காமல் விளிம்பு நெடுகப் பரப்பி ஏற்றுதல் வேண்டும். தகடு வளைவை எதிர்த்துக் கைமரத்தின் சுமையைத் தான் ஏற்றுவிடாதபடி அதன் வளைவு விறைப்பை நீக்கி, தளத்தின் வழியேயுள்ள விறைப்பை மட்டும் நிறுத்துதல் வேண்டும். இங்கும் ஒரு குழி உண்டு. கணினி கூரை முழுவதையும் மூட்டில்லாத ஒரே பலகையாக எண்ணிக்கொள்ளும். உண்மைக் கூரையிலோ ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் ஆணிகள் சிறிது சிறிது வழுக்கும். விதானத்தின் அசைவு நான்கு கூறுகளால் ஆனது: நாண்களின் நீட்சியும் சுருக்கமும், பலகையின் சாய்வு, ஆணிகளின் வழுக்கல், நாண் பொருத்துகளின் தளர்வு. இவற்றைக் கையாற் கணித்துக் கூட்டி, கணினி காட்டும் அசைவு அத்தொகைக்கு ஒப்பாக வரும்வரை தகட்டின் விறைப்பைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். கையால் ஒருமுறை கணியாதவன் கணினியை நம்புதல், கண்ணை மூடிக்கொண்டு பிறர் கையைப் பற்றி நடத்தல் போலாம்.

விதானம் எவ்வகையது என்று தெளிய அமெரிக்கர் வகுத்த ஓர் எளிய அளவுகோலும் உண்டு. கூரையின் நடுப்பகுதி தன் தளத்தில் வளையும் அளவு, அதனைத் தாங்கும் சுவர்கள் அசையும் சராசரி அளவைப்போல் இருமடங்குக்கு மேற்படுமாயின், அதனை நெகிழ்வான விதானம் எனக் கொள்ளலாம் என்பர்.

பிற நாட்டிலும் நம் நாட்டிலும்

இவ்வறிவு துன்பத்திலிருந்து பிறந்தது. 1933ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் தேதி மாலை, கலிபோர்னியாவின் லோங் பீச்சு நகரிற் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல பாடசாலைகளின் செங்கற் சுவர்கள் சரிந்து வீழ்ந்தன. பாடசாலை கலைந்த நேரமாகையாற் பிள்ளைகள் தப்பினர். ஒரு திங்களுக்குள் அந்நாட்டு மாநிலச் சபை, பாடசாலைக் கட்டடங்களை அரசின் மேற்பார்வையின்றிக் கட்டலாகாது என்று பீல்ட் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டிலேயே அமெரிக்க ஒட்டுப்பலகை உற்பத்தியாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டில் நீரிற் கரையாத பசை கண்டறியப்பட்டது. நனைந்தாற் பிரியாத பலகை வந்தபின்னரே ஒட்டுப்பலகை கூரைக்கு உரியதாயிற்று.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மறந்தவர் இலர். அதன் விளைவாக, பெருங்காற்றுக்கு ஏற்பக் கட்டடங்களை அமைக்கும் வழிகாட்டி நூலொன்றை 1980இல் அரசாங்கம் வெளியிட்டது. அந்நூல் இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை மிக்க காற்றுடைய வலயமாக்கியது. பதுளை மாவட்டத்தார் நாமோ மண்ணுக்கே மிகுதியும் அஞ்சுவோம். 2014இல் மீரியபெத்தை மண்சரிவும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொணர்ந்த சரிவுகளும் அவ்வச்சத்தை ஆழப்படுத்தின. சரிந்துவரும் மலைக்கு எக்கூரையும் மருந்தன்று. அதற்கு இடம் பெயர்தலே வழி. ஆயினும் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று நம் கூரைகளைச் சோதித்தே வருகின்றது. ஊவாத் தேயிலைக்கு மணம் தருவதும் அக்காற்றே. முகட்டுச் சுவரைத் தள்ளுவதும் அக்காற்றே.

லயத்திற் பன்னிரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சுவர் நிற்பதால் அதன் கூரை கடக்கவேண்டிய தூரம் சிறிது. பாடசாலை மண்டபமோ நடுவிற் சுவரின்றி நீண்டு கிடப்பது. ஆகவே விதானத்தின் துணை மிகுதியும் வேண்டுவது பிள்ளைகள் அமரும் மண்டபத்திற்கே என்பதை ஊன்றி நோக்குக.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

இம்மலர் வெளிவரும் நாளிற் பழைய மாணவர் பலர் தாம் பயின்ற பாடசாலைகளுக்குக் கூரை வேய்ந்து கொடுக்க முன்வருகின்றனர். அறஞ்செய்யும் அவர்கள் பணம் கொடுக்குமுன் பொறியியலாளரிடம் மூன்று வினாக்கள் வினவுதல் வேண்டும். முகட்டுச் சுவரின் தலை கூரையோடு பிணைக்கப்பட்டுள்ளதா? சுவர்த்தலை மரத்தின் பொருத்துகள் இழுவிசையைத் தாங்குமா? கணினியிற் கூரையை விறைப்பானது என்று கொண்டீரா, நெகிழ்வானது என்று கொண்டீரா, அளந்து கொண்டீரா?

ஒட்டுப்பலகைக்குப் பொருள் போதாதெனின் வருந்த வேண்டா. கூரைத் தளத்திற் கைமரங்களின் குறுக்கே மூலைக்கு மூலை இரும்புப் பட்டியோ மரச் சட்டமோ பிணைத்தால் அதுவும் ஒருவாறு விதானத்தின் தொழிலைச் செய்யும். கூரை மேலெழாதபடி கைமரத்தைச் சுவரோடு கட்டுதலும் அத்துடன் வேண்டும். தகரத்தின்மேல் ஏற்றிய கல் பக்க விசைக்கு ஒரு துணையும் செய்யாது. விழுந்தால் தலைக்கே ஊறு.

நாம் கண்ட அப்பாடசாலையிற் சுவர் மீண்டும் கட்டப்பட்டது. இம்முறை தச்சரொருவர் தாமாகவே சுவர்த்தலையில் ஒரு மரத்தைப் பதித்து, அதனை உட்புறச் சட்டங்கள் இரண்டோடு சாய்கட்டைகளாற் பிணைத்தார். ஏன் என்று வினவியபோது, தனியே நிற்பது தாங்காது என்று மட்டும் சொன்னார். அவர் விதானம் என்னும் சொல்லையோ கணினியையோ அறியார். அச்சுவர் இன்றும் நிற்கின்றது. அதன் அடியில் மூன்றாந் தரத்துப் பிள்ளைகள் இன்றும் அமர்ந்து பாடம் ஓதுகின்றனர்.

கூரையும் சுவரும் ஒன்றையொன்று பற்றி நிற்பதுபோலப் பழைய மாணவரும் கல்லூரியும் ஒன்றையொன்று பற்றி நிற்க! வாழ்க நம் கல்லூரி!